தேயிலை பற்றி எழுதுவதை விட்டுச் சுற்றுலா பக்கம் போகலாமா? மலையிலிருந்து எழுதி வருமானம் பார்ப்பவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி மேகம்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறேன். மாலையில் வீட்டுக்கு வந்த பிறகு எழுதுகிறேன். பச்சைத் தேயிலை விலை, செடியை வெட்டிவிடும் கவாத்து, மழைக்காலத்துக் கொப்புள நோய், குன்னூர் ஏலத்தில் அந்த வாரம் எந்த ரகம் ஏறியது எது இறங்கியது, இவைதான் என் வலைப்பதிவில் இருக்கும். அதை ஒட்டி ஒரு முகநூல் பக்கமும் உண்டு.

படிக்க ஆள் இருக்கிறது. தேயிலை வாரியம் மாத விலையை அறிவித்ததும், ஏல சராசரியிலிருந்து விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்ற 65:35 பங்கு எப்படிப் பிரிகிறது, விவசாயி கைக்கு ஏன் இவ்வளவுதான் வருகிறது என்று கணக்குப் போட்டு எழுதுவேன். அன்றைக்கு நிறையப் பேர் வருவார்கள், போனில்கூடக் கேட்பார்கள். மறுநாள் பக்கம் அமைதியாகிவிடும். விளம்பரத்தில் வருவது டொமைன், ஹோஸ்டிங் செலவுக்கே சரியாக வருவதில்லை.

வீட்டில் யாரும் தடை சொல்லவில்லை. ஆனால் இந்த எழுத்திலிருந்து மாதம் ஒரு தொகை வந்தால், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போகாமல் அந்த நேரத்தையும் இதற்கே கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சு: "தேயிலையை யார் தேடுகிறார்கள்? ஊட்டியில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று எழுது, காசு தானாக வரும்." அது உண்மையா? அப்படிப் போனவர்கள், போகாமலே சம்பாதிப்பவர்கள் இரண்டு பேரும் சொல்லுங்கள்.

உதகை ஊர்சுற்றி

அக்கா, நான் நடத்துவது சுற்றுலா பக்கம்தான். உள்ளதைச் சொல்கிறேன்.

ஆள் வருவது உண்மை. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) கட்டாயம் என்று உயர் நீதிமன்ற உத்தரவு வந்தபோது, என் பக்கத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த ஒரே கேள்வியோடுதான் வந்தார்கள். பிறகு 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அப்போதும் அதே கூட்டம். சீசனில் பர்லியாறு வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்லும் ஒருவழிப் பாதை, மலை ரயில் டிக்கெட், மலர்க் கண்காட்சி தேதி என்று இந்த நாலைந்து விஷயங்கள்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன.

ஆனால் இவை எதுவும் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடிய விஷயங்கள் இல்லை. உத்தரவு மாறும், நேரம் மாறும், கட்டணம் மாறும். பழைய தகவலை நம்பி ஒரு குடும்பம் கல்லாறு சோதனைச் சாவடியில் நின்றால் அந்தப் பொறுப்பு எனக்கு உண்டு. அதனால் சீசன் முழுக்க நான் எழுதுவதை விடத் திருத்துவதுதான் அதிகம்.

பணம் எப்படி வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்தது 2018-ல். விளம்பர வருமானத்தில் தோராயமாக 68 சதவீதம் நமக்கு. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும், அதுவரை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். ஏப்ரல், மே, ஜூனில் எனக்கு மாதாமாதம் வருகிறது. தென்மேற்குப் பருவமழை இறங்கிய பிறகு பல மாதங்கள் சேர்ந்தால்தான் ஒரு முறை வருகிறது. அதே தகவலை ஆங்கிலத்தில் எழுதினால் விளம்பரத்துக்கு விலை அதிகம். ஏனென்றால் பணம் கொடுக்கும் விடுதிகளும் டிக்கெட் நிறுவனங்களும் அங்கேதான் போட்டி போடுகின்றன. தமிழ்ப் பக்கத்தில் அந்தப் போட்டி மிகக் குறைவு.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது பல கேள்விகளுக்குத் தேடல் பக்கத்திலேயே பதில் வந்துவிடுகிறது. "இ-பாஸ் எங்கே எடுப்பது" என்று கேட்டவர் என் பக்கத்துக்கு வராமலே பதிலோடு போய்விடுகிறார். உங்கள் 65:35 கணக்கை அப்படி மேலே ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. எனக்கு இருப்பது கூட்டம். உங்களுக்கு இருப்பது வாசகர்கள். அதை விட்டுவிட்டு இங்கே வராதீர்கள் என்பதுதான் என் எண்ணம்.

மன்னவனூர் காற்று

பழனி மலையிலிருந்து எழுதுகிறேன். மேகம் அக்காவின் கேள்விக்கு நான் வேறு பக்கத்திலிருந்து பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் எழுத்துக்கு யாரும் நேரடியாகக் காசு கொடுப்பதில்லை. ஆனால் என் வீட்டு வருமானத்தில் பெரும்பங்கு அந்த எழுத்தால்தான் வருகிறது.

எங்கள் ஊர், பூம்பாறை, கூக்கால், கவுஞ்சி, கிளாவரை எல்லாம் பூண்டு விளையும் ஊர்கள். காலங்காலமாக மூட்டை கட்டி வடுகபட்டி சந்தைக்கு இறக்குவோம், அங்கே சொல்லும் விலைதான் விலை. 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் குறியீடு வந்ததும் வெளியூர்ப் பூண்டையும் "கொடைக்கானல் பூண்டு" என்று சொல்லி விற்பது குறைந்துவிடவில்லை. வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாதவரை குறியீட்டால் எங்களுக்கு என்ன பயன்?

அதனால் அந்த வித்தியாசத்தை எழுதத் தொடங்கினேன். தோலின் நிறம், பல்லின் அளவு, வாசனை, பரணில் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டினால் ஏன் மாதக்கணக்கில் தாங்குகிறது, விதைப்பூண்டை எப்படி ஒதுக்குகிறோம், மழை தப்பினால் என்ன ஆகும். ஒவ்வொரு பதிவும் எங்கள் தோட்டத்தில் அந்த வாரம் நடக்கும் வேலையைப் பற்றித்தான். படித்தவர்கள் முதலில் சந்தேகம் கேட்டார்கள், அப்புறம் ஒரு கிலோ கிடைக்குமா என்று கேட்டார்கள். இப்போது அறுவடைக்கு முன்பே சொல்லி வைக்கிறார்கள். மதுரை, திருப்பூர், சென்னை என்று பார்சல் போகிறது. சந்தை விலை விழுந்த வருடத்திலும் அவர்கள் கொடுத்த விலை விழவில்லை, ஏனென்றால் அவர்கள் வாங்குவது எந்தத் தோட்டத்துப் பூண்டு என்று அவர்களுக்குத் தெரியும்.

வாசகரை எங்கே வைத்துக்கொள்வது என்பது முக்கியம். முகநூலில் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் அத்தனை பேருக்கும் பதிவு போய்ச் சேராது. வாட்ஸ்அப் சேனல் 2023 செப்டம்பரில் வந்தது, அறிவிப்புக்கு நல்லது, ஆனால் பின்தொடர்பவர் யார் என்று எனக்குத் தெரியாது. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் சேர்க்கலாம், அவர்களும் என் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போகும். எனக்கு இந்தக் கட்டுப்பாடே பிடித்திருக்கிறது. எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர் உண்மையிலேயே காத்திருப்பவர். பெயர், ஊர், எப்போது வாங்கினார், என்ன கேட்டார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். நாளைக்கு எந்த ஆப் மூடினாலும் அந்த நோட்டு என்னிடம் இருக்கும்.

எங்கள் பக்கம் டவர் பலவீனம், மழையில் கரண்டும் போகும். வீடியோ ஏற்ற முடியாததால்தான் எழுத்துக்கு வந்தேன், அது நல்லதாகவே முடிந்தது. படத்தைச் சிறியதாக்கி, எழுத்தை அதிகமாக வைத்தால் எந்த மலைக்கிராமத்திலும் பக்கம் திறக்கும்.

2018-ல் குறிஞ்சி பூத்தபோது கொடைக்கானலைப் பற்றி எழுதாதவர் இல்லை. பூ முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அடுத்து 2030-ல் வருவார்கள். அக்கா, உங்கள் தேயிலை வருடம் முழுக்கக் கொழுந்து விடுகிறது.

கோத்தகிரி மேகம்

காற்று அண்ணா, நன்றி. நோட்டு யோசனை இன்றைக்கே தொடங்குகிறேன். ஆனால் என்னிடம் விற்கத் தோட்டம் கிடையாது. நான் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள். என்னைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள். அவர்களிடம் சந்தா கேட்க மனம் வரவில்லை. விலையே கிடைக்காமல் இருப்பவரிடம், விலையைப் பற்றிச் சொல்வதற்குக் காசு கேட்பதா?

கூடலூர் பச்சை

அந்த மனம் சரியான மனம். அதை மாற்றிக்கொள்ள வேண்டாம். கேள்வியை மட்டும் மாற்றுங்கள்: உங்கள் எழுத்தை இப்போதே படிக்கிறவர்களில், அதனால் காசு மிச்சப்படுத்துகிறவர் யார்?

குன்னூர் ஏலத்தைத் தமிழில் வாராவாரம் விளக்கி எழுதுபவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரிந்தவரை தேடிப் பார்த்தேன், உங்களைத் தவிர ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. ஈரோட்டிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் டஸ்ட் (தூள்) தேயிலை வாங்கிக் கலந்து, பாக்கெட் போட்டு விற்கும் சிறு வியாபாரிகள் இருக்கிறார்கள். ஆர்.டி., எஸ்.ஆர்.டி. என்ற டஸ்ட் ரகங்கள் என்ன விலைக்குப் போயின, மழை வரப்போகிறதா, வரத்து கூடுமா என்பது அவர்களுக்கு நேரடியாகப் பணம். இடைத்தரகர் சொல்வதை நம்பி வாங்குகிறவர்கள். இவர்கள்தான் உங்கள் சந்தாதாரர்கள். சிறு விவசாயிக்கான விலை விளக்கம் என்றைக்கும் இலவசம், வியாபாரிக்கான வாரக் குறிப்பு கட்டணம் என்று இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

கணக்கும் போட்டுப் பார்ப்போம். மாதம் 200 ரூபாய், ஐம்பது பேர் என்றால் மாதம் 10,000. ஐம்பது வியாபாரிகளைக் கண்டுபிடிப்பது ஐம்பதாயிரம் பார்வை சேர்ப்பதைவிட எளிது, ஏனென்றால் அவர்களுக்குக் கடை முகவரி இருக்கிறது, தொழிற்சாலைக் கணக்கு நோட்டில் பெயரும் இருக்கும். அந்த நோட்டிலிருந்து பெயர் எடுக்காதீர்கள், அது முதலாளியின் சொத்து. உங்கள் வலைப்பதிவில் கேள்வி கேட்டவர்களிடமிருந்து தொடங்குங்கள். தொழிற்சாலைக்குள் மட்டும் தெரிந்த எதுவும் குறிப்பில் வரக்கூடாது, ஏல மையம் வெளியிடும் விவரம் மட்டும் போதும். முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது.

பணம் வாங்கும் வழி: யுபிஐ-யில் நேராக வாங்கினால் பிடித்தம் எதுவும் கிடையாது, ஆனால் மாதாமாதம் நினைவுபடுத்த வேண்டும். பணம் வசூலித்துத் தரும் ரேசர்பே மாதிரி சேவை வைத்தால் 2 சதவீதமும் அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், அதாவது நூறு ரூபாய்க்கு 2 ரூபாய் 36 காசு போகும். யுபிஐ ஆட்டோபே வைத்தால் தானாக வரும். மின்னஞ்சலில் எழுத்தை அனுப்பிச் சந்தா வாங்கும் தளமான சப்ஸ்டாக்கைப் பலர் சொல்வார்கள். அது 10 சதவீதம் எடுக்கும், பணம் ஸ்ட்ரைப் என்ற கட்டண நிறுவனம் வழியாகத்தான் வரும். ஸ்ட்ரைப் 2024 முதல் இந்தியாவில் அழைப்பு இருந்தால்தான் புதுக் கணக்கு தருகிறது. அதோடு நம் வாசகர்கள் மின்னஞ்சல் திறப்பதில்லை. மாத சந்தாவை விட வருட சந்தா நல்லது. மாதாமாதம் கேட்டால் மாதாமாதம் யோசிப்பார்கள்.

நான் எழுதுவது வேறு விஷயம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் தோட்டங்களில் குடியேற்றப்பட்ட குடும்பங்களின் கதைகள், கூடலூர் செக்‌ஷன் 17 (ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு) நிலப் பிரச்சினை. இதற்கு நான் சந்தா வைக்கவில்லை. நிலச் சட்டத்தை எளிய தமிழில் எழுதுவதைப் பார்த்து, ஆவணங்களை மொழிபெயர்க்கும் வேலை தேடி வந்தது. மாத வருமானம் அதிலிருந்துதான். பதிவுகள் இலவசமாக இருப்பதால்தான் அந்த வேலை என்னைக் கண்டுபிடித்தது.

கோத்தகிரி மேகம்

வியாபாரிகள் என்ற திசையே எனக்குத் தோன்றவில்லை. யோசித்தால், என் ஏலப் பதிவுகளுக்குக் கீழே கேள்வி கேட்பவர்களில் சிலர் தேனி, விருதுநகர் பக்கம் கடை வைத்திருப்பவர்கள்தான். அவர்கள் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: இப்போது வாங்கி வைக்கலாமா, பொறுக்கலாமா? நான் ஜோசியம் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருக்கிறேன். ஜோசியம் சொல்லாமல் உதவ முடியுமா என்பதுதான் இப்போது என் யோசனை. போன வருடம் இதே வாரம் வரத்து எவ்வளவு, மழை எப்படி, விலை எப்படி என்று பக்கத்தில் வைத்துக் காட்டினால் முடிவை அவர்களே எடுப்பார்கள். என் கணினியில் பழைய ஏல விவரங்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன.

இன்னொரு கேள்வி. கவாத்து பற்றி எழுதிய பதிவுகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். நான்கைந்து வருடத்துக்கு ஒரு முறை செய்யும் வேலை, செய்யும்போது படித்துப் பார்க்கக் கையில் ஒன்று இருந்தால் நல்லது என்கிறார்கள். அமேசான் கிண்டில் மின்னூலா, அச்சா?

குன்னூர் பழைய தபால்

தோட்டத்தில் நின்றுகொண்டு பார்க்க வேண்டிய புத்தகம் என்றால் அச்சுதான், மா. சட்டைப் பையில் வைக்கும் அளவு, அறுபது எழுபது பக்கம், படங்கள் கருப்பு வெள்ளை போதும். கோவையில் குறைந்த பிரதிகள் அடித்துத் தரும் டிஜிட்டல் அச்சகங்கள் இருக்கின்றன. ஆயிரம் பிரதி அடித்து வீட்டில் அடுக்கி வைக்காதீர்கள். இங்குள்ள ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் தாள் அலையலையாகிவிடும்.

நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, விண்ணப்பம் இணையத்திலேயே.

அஞ்சல் செலவு ஒரு காலத்தில் பெரிய தலைவலி. 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சல் நிறுத்தப்பட்டபோது சிறு பதிப்பாளர்கள் மிகவும் சிரமப்பட்டார்கள். 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. கல்வி, பண்பாடு சார்ந்த அச்சுப் புத்தகங்களுக்கானது. உள்ளே விளம்பரம் இருக்கக்கூடாது. உங்கள் கவாத்துப் புத்தகத்தின் பின்னட்டையில் உரக்கடை விளம்பரம் போட யாராவது பணம் தருகிறேன் என்றால், இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கிண்டிலையும் ஒதுக்க வேண்டாம். 2016 கடைசியிலிருந்து தமிழ் மின்னூல் அங்கே உண்டு. சாதாரணமாக உரிமைத்தொகை 35 சதவீதம். இந்தியாவில் 70 சதவீதம் வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அமேசான் திட்டத்தில் சேர வேண்டும், சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறு எங்கும், உங்கள் சொந்த வலைப்பதிவில்கூட, வைக்கக்கூடாது. ஏற்கெனவே வலைப்பதிவில் கிடக்கும் பதிவுகளை அப்படியே தொகுத்தால் இந்த விதியில் மாட்டிக்கொள்வீர்கள். பணமும் மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் வரும். என் அனுபவத்தில் கிண்டிலில் நன்றாகப் போவது கதைகள், குறிப்பாகக் குடும்ப நாவல்கள். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் படித்த பக்கத்துக்குக் காசு என்பதால் நீளமான தொடர்கதை எழுதுபவர்களுக்கு அது சாதகம். தொழில் நூலுக்குப் பக்கம் குறைவு, அதனால் வரவும் குறைவு.

விலையைக் குறைத்து வைக்காதீர்கள். கவாத்து தவறினால் செடி தேறப் பல மாதம் ஆகும். அதைத் தடுக்கிற புத்தகத்துக்கு 120 ரூபாய் ஒரு விவசாயிக்குப் பாரமாக இருக்காது. சந்தா கேட்கத் தயங்கினீர்களே, அந்தத் தயக்கம் இங்கே வேண்டாம்.

எமரால்டு மாணவன்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். கல்லூரியில் படிக்கிறேன். ஏஐ வைத்து ஒரு நாளைக்குப் பத்து இருபது பதிவு போட்டால் கூட்டமும் விளம்பரமும் சீக்கிரம் வராதா? நண்பர்கள் சிலர் அப்படித்தான் தொடங்கியிருக்கிறார்கள்.

உதகை ஊர்சுற்றி

தம்பி, கூகுள் 2024 மார்ச்சில் விதிமுறையை மாற்றியது. தேடலில் முன்னால் வருவதற்காக மொத்தமாக உற்பத்தி செய்து குவிக்கும் பக்கங்களை, மனிதர் எழுதினாலும் கருவி எழுதினாலும், ஸ்பேம் என்றே எடுத்துக்கொள்வோம் என்றது. கருவியைப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லவில்லை, குவிப்பதைத்தான் சொன்னது. நானும் எழுத்துப்பிழை பார்க்கக் கருவியைப் பயன்படுத்துகிறேன்.

நீ எமரால்டில் இருக்கிறாய். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் கொட்டிய மழையை உன் வீட்டார் பார்த்திருப்பார்கள். எந்தச் சாலை முதலில் சரியும், கேரட் வயலில் தண்ணீர் நின்றால் என்ன செய்தார்கள், மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி போகாத நாட்களில் அறுத்த கேரட் என்ன ஆனது, இதெல்லாம் உங்கள் ஊரில் கேட்டால்தான் கிடைக்கும். வாரம் ஒன்று எழுது. ஒரு வருடத்தில் உன் ஊரைப் பற்றித் தேடுகிறவர் எல்லோரும் உன்னிடம்தான் வருவார்கள்.

நாக்குபெட்டா

ஊரில் கேட்டு எழுதுவது பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். நான் படுகர் வீட்டுப் பெண். எங்கள் ஹெத்தை அம்மன் பண்டிகைக்குக் கேமராவோடு வருபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். தோடர் குடியிருப்புகளான மந்துகளில் அதைவிட மோசம். வருகிறார்கள், பூத்துக்குளி என்ற தோடர் சால்வை போர்த்திய பாட்டியைப் படம் பிடிக்கிறார்கள், "மர்மமான மலைமக்கள்" என்று தலைப்பு வைத்து ஏற்றுகிறார்கள். பார்வை லட்சத்தில் போகிறது. வருமானம் எழுதியவருக்கு. அந்தப் பாட்டிக்குத் தன் படம் எங்கே போனது என்றே தெரியாது.

மலையைப் பற்றி எழுதினால் வேகமாகக் கூட்டம் சேர்வது இந்த மாதிரி எழுத்துக்குத்தான். அதனால்தான் இந்த இழையில் இதைச் சொல்கிறேன். தோடர் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு சால்வையைக் கையால் தைக்க வாரக்கணக்கில் ஆகும். அதைத் தைக்கும் பெண்ணிடம் கேட்டு, அவர் சொன்ன விலையைப் போட்டு, வாங்க விரும்புபவர் எங்கே தொடர்புகொள்ள வேண்டும் என்று அவர் சம்மதத்தோடு எழுதினால், அந்தப் பதிவால் அவருக்கும் வருமானம். எழுதியவருக்கும் நல்ல பெயர். அதே பதிவில் எந்திரத்தில் அச்சடித்த போலி சால்வையை எப்படி அடையாளம் காண்பது என்றும் எழுதலாம், பூண்டு அண்ணா செய்ததைப் போல.

நான் வைத்திருக்கும் வழக்கம் இதுதான்: யாரைப் பற்றி எழுதினாலும் போடும் முன்பு அவர்களுக்குப் படித்துக் காட்டுவேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்புவேன். வேண்டாம் என்று சொன்ன பகுதியை எடுத்துவிடுவேன். இதனால் சில நல்ல பதிவுகள் வெளிவராமலே போயிருக்கின்றன. ஆனால் எந்த ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு)ப் போனாலும் எனக்குக் கதவு திறக்கிறது.

நான் படுக மொழியில், தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். அதற்கு விளம்பரமே வராது. பெங்களூரு, கோவை, வெளிநாடு என்று போன எங்கள் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள், தங்கள் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டுகிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை பண்டிகை சமயத்தில், இதை நடத்த உதவுங்கள் என்று ஒரு க்யூஆர் படம் போடுவேன். வருடம் முழுவதற்கும் ஆகும் செலவு அதில் வந்துவிடுகிறது, கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. மூத்தவர்களின் பாட்டுகளைப் பதிவு செய்ய நல்ல ரெக்கார்டர் அதில்தான் வாங்கினேன்.

கணக்குப் புத்தகம்

ஊட்டியில் வரி வேலை பார்க்கிறேன். இதையும் ஒருவர் சொல்லிவிட வேண்டும்.

எழுத்தில் வரும் பணம் வருமானம்தான், சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டும். மேகம் போல வேலையில் இருப்பவர்கள், சம்பளத்துக்கு முதலாளி தரும் வரிச் சான்றான படிவம் 16-ஐ மட்டும் வைத்து ரிட்டர்ன் போட்டுவிட்டு, ஆட்சென்ஸ் பணத்தை மறந்துவிடுகிறார்கள். வங்கியில் வந்த பணம் துறைக்குத் தெரியும். செலவையும் காட்டலாம்: டொமைன், ஹோஸ்டிங், இணையம், அச்சுச் செலவு, அஞ்சல். ரசீதை ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஜிஎஸ்டி பதிவு, சேவைக்கு வருடம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாகத் தேவை. அதுவரை பயப்பட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பணம் வாங்குபவர்கள் மட்டும் ஒரு முறை ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிண்டிலில் கணக்குத் தொடங்கும்போது அமெரிக்க வரிப் படிவம் ஒன்று கேட்பார்கள். பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுத்தால் அமெரிக்க விற்பனைக்குப் பிடித்தம் 15 சதவீதம். விட்டுவிட்டால் 30 சதவீதம் பிடிப்பார்கள். அந்தப் பிடித்தம் இந்திய விற்பனைக்குப் பொருந்தாது.

ஆட்சென்ஸ் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: 10 டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்ய ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். நம் பக்கம் ஹட்டிப் பெயர்கள் ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கும். ஆதாரில் உள்ளபடி எழுதி, தபால் நிலையத்தின் பெயரையும் 643-ல் தொடங்கும் பின்கோடையும் சேர்த்துவிடுங்கள். தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் கடிதம் தப்பாது.

கோத்தகிரி மேகம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தேயிலையை விடப்போவதில்லை.

முதலாளியிடம் பேசினேன். தொழிற்சாலை விவரம் எதுவும் வெளியே வராது என்றால் ஆட்சேபம் இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார். வரும் மாதத்திலிருந்து ஏலக் குறிப்பைத் தனியாகப் பிரிக்கிறேன். முதல் இரண்டு மாதம் கேட்பவர்களுக்கு இலவசமாக அனுப்பி, எது உதவுகிறது என்று கேட்டுவிட்டுப் பிறகு வருட சந்தா சொல்லலாம் என்று இருக்கிறேன். பச்சைத் தேயிலை விலை விளக்கம் எப்போதும் போல எல்லோருக்கும் இலவசம்.

நாக்குபெட்டா சொன்னதைப் படித்த பிறகு, கவாத்துப் பதிவுகளில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயரை அவர்களைக் கேட்டுப் புத்தகத்தில் போட முடிவு செய்திருக்கிறேன். இரண்டு பேர் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பெரியவர் பெயர் வேண்டாம், ஒரு பிரதி மட்டும் கொடு என்றார்.

பழைய தபால் ஐயா, கையெழுத்துப் பிரதியை உங்களுக்கு அனுப்பலாமா?

குன்னூர் பழைய தபால்

அனுப்புங்கள் மா, தாராளமாக. பிழை பார்த்துத் தருகிறேன். கவாத்துக் கத்தி எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்பதற்குப் புகைப்படத்தைவிடக் கோட்டோவியம் தெளிவாக இருக்கும், அச்சுச் செலவும் குறையும். வரையத் தெரிந்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.

எமரால்டு மாணவன்

நான் வரைவேன் ஐயா. அப்பா இந்த வருடம் எங்கள் தோட்டத்தில் கவாத்து வைக்கப்போகிறார், பக்கத்தில் நின்று பார்த்தே வரைந்து அனுப்புகிறேன். அக்கா, எத்தனை படம் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.